அட்டவணையின் எல்லைகள்: யாழ்ப்பாணத்து வாக்கியக் கணிதமும் இலத்திரனியல் விரிதாளும்

எண்களை நிரைகளாகவும் நிரல்களாகவும் ஒழுங்குசெய்து, ஓர் இடத்து எண்ணைக் கொண்டு மற்றோர் இடத்து எண்ணை விதிப்படி பெறுதல் மனிதன் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் கணித முறையாகும். கணினியிலே இம்முறையை நிகழ்த்தும் மென்பொருள் விரிதாள் எனப்படும். மாணவர் புள்ளிப் பதிவேடு தொடக்கம் பெரு நிறுவனங்களின் வரவு செலவு ஈறாக இன்று அதனூடாகச் செல்லாத கணக்கு அரிது. விரிதாளின் ஒவ்வொரு பதிப்புக்கும் எல்லைகள் உள. இத்தனை நிரைகளே கொள்ளும், ஒரு சூத்திரத்தில் இத்தனை எழுத்துகளே அடங்கும், இவ்வளவு நினைவகமே கிடைக்கும் என அதனை ஆக்கியோர் வரையறுத்துள்ளனர். பயன்படுத்துவோருட் பெரும்பாலார் இவ்வெல்லைகளை அறியார். அவற்றை அறியவேண்டிய தேவையும் எல்லையைத் தொடும் நாள் வரை எழுவதில்லை.

இங்கிலாந்திலே அந்நாள் 2020ஆம் ஆண்டு செப்டெம்பர் இறுதியில் வந்தது. கொரோனாத் தொற்றுப் பரிசோதனை முடிவுகளைத் தொகுத்த பொதுச் சுகாதார நிறுவனம் எக்செல் விரிதாளின் பழைய கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியிருந்தது. அவ்வடிவம் 65,536 நிரைகளுக்கு மேற் கொள்ளாது. ஒருவரின் முடிவைப் பதியப் பல நிரைகள் வேண்டியிருந்தமையால், ஒரு கோப்பு ஏறத்தாழ 1,400 பேருடன் நிரம்பிவிட்டது. மிகுதியானோர் வெட்டுண்டனர். செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையான காலத்துக்குரிய 15,841 தொற்றாளர் நாளாந்த அறிக்கையில் இடம்பெறாது போயினர். அவர்களோடு பழகியோரைத் தேடும் பணியும் அதனாற் பிந்தியது. இங்கே கூட்டலிற் பிழை இல்லை. கூட்டப்பட்டவை யாவும் சரியாகவே கூட்டப்பட்டன. கூட்டப்படாதவை உள என்பதே எவர் கண்ணுக்கும் படவில்லை.

அட்டவணை தன் எல்லையைத் தானே அறிவியாது நிற்கும் இவ்வியல்பினால் எழுந்த வழக்கு ஒன்று, இதற்கு 191 ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நிகழ்ந்தது. 1829ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதிச் சந்திர கிரகணத்தை ஒட்டி எழுந்தது அது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் நிறுவிய செமினரியின் அதிபராக அப்போது டானியல் பூவர் பணியாற்றினார். அவ்வாண்டுக்கான பஞ்சாங்கத்தை அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்திருந்தார். ஐரோப்பிய அட்டவணைகளைக் கொண்டு பூவர் கணித்தபோது சாஸ்திரியாரின் கணிப்பு மூன்றிடங்களில் வேறுபட்டது: கிரகணம் தொடங்கும் நேரத்தில் 15 நிமிடம், அது நீடிக்கும் காலத்தில் 24 நிமிடம், மறைப்பின் அளவில் 3 அங்குலம். சந்திர விம்பத்தின் விட்டத்தை 12 அங்குலமாகக் கொள்வது மரபாதலின், மூன்று அங்குலம் என்பது காற்பங்கு. வேறுபாடு முன்கூட்டியே பகிரங்கப்படுத்தப்பட்டது. அன்றிரவு வானம் பூவரின் பக்கமே நின்றது என மிஷன் தரப்பு வரலாறுகள் கூறும்.

இந்நிகழ்ச்சியை மிஷனார் தம் சமயத்தின் வெற்றியாக எடுத்துக்கூறினர். யாழ்ப்பாணத்துச் சமய விவாத வரலாற்றில் அது பெற்ற இடமும் அதுவே. ஆயின், பிழை எங்கிருந்தது என்னும் வினாவை அக்காலத்தவர் ஆழமாகக் கேட்டதாகத் தோன்றவில்லை. கணித்தவரிடத்திலா, அவர் மனனஞ்செய்த அட்டவணையிலா, அட்டவணையை ஆக்கிய சூத்திரத்திலா? இம்மூன்றும் வெவ்வேறானவை. விரிதாளின் பிழைகளை ஆராய்வோரும் இம்மூன்றையுமே முதலிற் பிரித்தறிய வேண்டியவராயுள்ளனர்.

சாஸ்திரியார் கல்வியிற் குறைந்தவரல்லர். வண்ணைக் குறவஞ்சி, நகுலமலைக் குறவஞ்சி என்பவற்றின் ஆசிரியராக இலக்கிய வரலாற்றிலும் இடம்பெறுபவர். அராலியின் கணித மரபு அவருக்கும் முற்பட்டது. 1667இல் இராமலிங்க முனிவர் கணித்த பஞ்சாங்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்க வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். இம்மரபினர் கைக்கொண்டது வாக்கிய முறை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வழங்கிய இம்முறையை விளக்கும் வாக்கியகரணம் என்னும் வடமொழி நூல் ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் எழுந்தது. குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் அதனைப் பதிப்பித்து 1962இற் சென்னையில் வெளியிட்டனர்.

வாக்கிய முறையின் உள்ளமைப்பைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். வானத்திலே சந்திரன் ஒரே வேகத்திற் செல்வதில்லை. பூமிக்கு அண்மையில் வரும்போது விரைந்தும், சேய்மையில் மெதுவாகவும் செல்கிறது. இவ்வேக மாறுதலின் ஒரு சுற்று ஏறத்தாழ 27.55455 நாள். இதனை ஒன்பதாற் பெருக்கின் 247.991 வரும், அதாவது 248 நாளுக்கு மிக அண்மையில் ஒரு முழுத்தொகை. எனவே 248 நாளுக்குச் சந்திரனின் நிலையை ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால், 249ஆம் நாள் முதல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். 27 பாகை 44 கலையை மட்டுங் கூட்டிக்கொள்ள வேண்டும். இவ்வாறு அமைந்தவையே வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள். முதல் வாக்கியம் 12 பாகை 3 கலை எனத் தொடங்கும். இவ்வட்டவணையைக் கையாள்பவர் வட்டத்தையோ முக்கோணத்தையோ அறிந்திருக்கத் தேவையில்லை. சூத்திரத்தின் வேலை முன்னரே முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது விடை மாத்திரமே.

248 நாள் என்னும் இக்கால அளவு தமிழருக்கு மட்டும் உரியதன்று. பபிலோனியக் களிமண் ஏடுகளிலும் எகிப்தின் கிரேக்கப் பப்பிரசுகளிலும் அது காணப்படுவதை ஓட்டோ நொய்கெபாவர் 1952இல் வெளியிட்ட தமிழ் வானியல் பற்றிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார்.

ஆயினும் 247.991 என்பது 248 அன்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 13 நிமிடம் மிகுதியாகிறது. சுற்றுகள் பெருகப் பெருகப் பிழையும் பெருகும். வாக்கியகாரர் இதனை நன்கறிந்திருந்தனர். 27.55455 நாட் சுற்று 110 முறை நிகழ்ந்தால் 3,031 நாளுக்கு ஒரு நிமிடத்துக்குட்பட்ட வேறுபாட்டில் வந்து சேரும். 449 முறை நிகழ்ந்தால் 12,372 நாள் வரும், பிழை ஏறத்தாழ 10 நிமிடம். எனவே கடந்த நாட்டொகையிலிருந்து முதலில் 12,372ஐ இயன்றவரை கழித்து, பின்னர் 3,031ஐயும், ஈற்றில் 248ஐயும் கழிக்குமாறு விதித்தனர். இவ்விதிப்படி 248ஐப் பன்னிரண்டு முறைக்கு மேற் கழிக்க நேராது. அதற்கு மேற்பட்டது 3,031இல் அடங்கிவிடும். ஆகவே அச்சுற்றின் பிழை இரண்டரை மணித்தியாலத்தை அதிகம் தாண்டாது. தன் அட்டவணையின் எல்லையை ஆக்கியோனே அறிந்து, அதற்குள் வேலியிட்டு வைத்தமைக்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

1829 மார்ச் 20இன் கலி நாட்டொகை ஏறத்தாழ 1,800,700. வாக்கிய மரபு தொடக்கமாகக் கொண்ட 1,600,984ஐ, அதாவது பொது ஆண்டு 1282க்குரிய நாளை, இதிலிருந்து நீக்கினால் 199,716 எஞ்சும். அதிற் 12,372 பதினாறு முறை போக மீதி 1,764. அது 3,031க்குட் குறைந்தது. 248ஐ ஏழு முறை கழிக்க 28 நிற்கும். இரண்டு இலட்சம் நாள் இவ்வாறு ஒடுங்கி, கணிதர் ஓதவேண்டியது இருபத்தெட்டாம் வாக்கியமும் அதன் அயலும் என்றாகிறது. தாளுமின்றி எழுத்தாணியுமின்றி இது செய்யப்பட்டது என்பதை மறத்தலாகாது.

இவ்வெண்கள் நினைவில் நின்ற விதமும் கருதத்தக்கது. கடபயாதி முறையில் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. ஒன்றன் தானத்தை முதலிற் சொல்வர். தேவரம் என்னுஞ் சொல்லில் தகரம் 8, வகரம் 4, ரகரம் 2. ஆகவே அது 248. கலாநிலம் 3,031, ரசகைரிகம் 12,372. இங்கே தமிழருக்கெனத் தனியான ஓர் இடர் இருந்தது. வடமொழியில் நான்காய் நிற்கும் தகரங்கள் முறையே 6, 7, 8, 9 என்னும் நான்கு இலக்கங்களைக் குறிக்கும். தமிழ் நெடுங்கணக்கில் அவை நான்கும் ஓரெழுத்து. கிரந்த எழுத்தையோ ஆசிரியரின் வாயிலிருந்து கேட்ட ஒலியையோ துணைக்கொள்ளாவிடின் 6 என்பது 9 ஆகிவிடும். 2007ஆம் ஆண்டு எக்செல் பதிப்பிலும் இதனையொத்த ஒரு வழு வெளிப்பட்டது. 77.1ஐ 850ஆற் பெருக்கினால் வரவேண்டிய 65,535ஐ அது 100,000 எனத் திரையிற் காட்டிற்று. உள்ளே இருந்த பெறுமானம் சரியானது. அதனை எழுத்தாக்கிய இடத்திலேயே தவறு நேர்ந்தது.

வாக்கியக் கணிதர் ஒருவர் கணிக்கும் காட்சியை நேரிற் கண்டு எழுதியவர் ஜோன் வாரன். 1825இற் சென்னையில் வெளிவந்த அவரது காலசங்கலிதம் என்னும் ஆங்கில நூலிலே, புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவ்வாண்டு மே 31க்கும் யூன் 1க்கும் இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்த விதம் விவரிக்கப்படுகிறது. அவர் சோழிகளை நிலத்திற் பரப்பிக் கணித்தார். அட்டவணைகள் அவர் நெஞ்சில் இருந்தன. இடைவிடைகள் சோழிகளில் இருந்தன. ஒரு படி முடிந்ததும் சோழிகள் கலைக்கப்பட்டு அடுத்த படிக்கு உரியனவாயின. அவர் சோதிட சித்தாந்தத்தின் கோட்பாட்டில் ஒரு சொல்லையும் அறியாதவர், எனினும் நினைவாற்றல் மிகுந்தவர் என்கிறார் வாரன். இக்கூற்றிற் சிறிது ஏளனம் இழையோடுகிறது. இன்று விரிதாளின் முன் அமர்ந்திருப்போர் பலர்க்கும் இதே சான்றிதழை வழங்கலாம். நினைவாற்றலை மட்டும் நீக்கிவிட வேண்டும்.

அக்கணிப்பின் பெறுபேறு: கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தொடக்கத்தை மட்டும் பார்த்து வீட்டுக்குச் சென்றவர் அக்கணிதரைப் போற்றியிருப்பார். முடிவு வரை விழித்திருந்தவர் நகைத்திருப்பார். புதுச்சேரியின் அந்த இரவுக்கும் வட்டுக்கோட்டையின் இரவுக்கும் இடையே கழிந்தவை சரியாக 47 சந்திர மாதங்கள். கிரகணங்கள் மீளும் கால அளவுகளுள் இதுவும் ஒன்று.

இதற்கு மாறான சான்றும் உண்டு. சுக்கிரன் சூரியனைக் கடப்பதைக் காண இந்தியா வந்து, 1769இற் புதுச்சேரியில் முகிலினால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்தில் தமிழ்க் கணிதரிடம் கணிதம் பயின்றார். 1765 ஓகஸ்ட் 30இன் சந்திர கிரகணம் நீடித்த காலத்தை, தமிழ்க் கணிதர் 41 செக்கன் குறைவாகவும், ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையாகிய தோபியாஸ் மாயரின் அட்டவணை 68 செக்கன் மிகையாகவும் தந்ததை அவர் பதிவுசெய்துள்ளார். ஓரிடத்தில் 41 செக்கன். பிறிதோரிடத்தில் 52 நிமிடம். ஒரு கிரகணத்தைக் கொண்டு ஓர் அட்டவணையை நிறுவவும் முடியாது, வீழ்த்தவும் முடியாது என்பதற்கு இதற்கு மேற் சான்று வேண்டுவதில்லை. 1829இன் வெற்றியைக் கொண்டாடியோரும், அதனை மறுக்க முயன்றோரும் இவ்வுண்மையைக் கருத்திற் கொள்ளவில்லை.

இனிச் சூத்திரத்துக்கு வருதல் தகும். வாக்கியங்களை ஆக்கிய சூத்திரம் ஆரியபடரின் வழியது. சந்திரனின் ஓட்டத்தில் ஒரேயொரு மாறுதலை மட்டும் அது கொண்டுள்ளது. அதன் உச்ச அளவு ஏறத்தாழ 5 பாகை. உண்மையில் அம்மாறுதல் 6 பாகை 17 கலை. சூரியனின் ஈர்ப்பினால் எழும் 1 பாகை 16 கலை அளவினதாகிய இரண்டாவது மாறுதல் ஒன்றும் உண்டு. பூரணையிலும் அமாவாசையிலும் இரண்டாவது முதலாவதைக் குறைக்கும் திசையில் இயங்குவதால், எஞ்சுவது ஏறத்தாழ 5 பாகையே! கிரகணங்களைப் பார்த்துப் பார்த்துத் திருத்தப்பட்ட சூத்திரம், கிரகண நாட்களுக்குப் பொருந்துமாறு அமைந்துவிட்டது. அட்டமித் திதியில் அச்சந்திரனைத் தேடினால் அது இரண்டு பாகைக்கு மேலும் விலகி நிற்கக்கூடும். ஆனால் அட்டமியிற் கிரகணம் நிகழாதாகையால் எவரும் தேடவில்லை. இரண்டாவது மாறுதலை 932இல் மஞ்சுளர் தம் லகுமானசத்தில் எடுத்தாண்டார். வாக்கியங்களுள் அது நுழையவில்லை.

கிரகணத்தையே தாக்கும் மூன்றாவது மாறுதல் ஒன்று உண்டு. பூமி சூரியனை அணுகியும் அகன்றும் செல்வதனால் சந்திரனின் ஓட்டம் ஆண்டுக்கொருமுறை 11 கலை வரை முன்பின்னாகிறது. ஐரோப்பாவிலும் இது தைக்கோ பிராகே, கெப்ளர் காலத்திலேதான் அறியப்பட்டது. அதன் விளைவு ஏப்ரில் தொடக்கத்திலும் ஒக்டோபர் தொடக்கத்திலும் உச்சமடையும். மார்ச் 20இலும் உச்சத்துக்கு மிக அண்மையிலேயே நிற்கும். சந்திரன் சூரியனைவிட மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 30 கலை முந்துவதால், 11 கலை என்பது 20 நிமிட அளவினது. 1829இல் அராலிப் பஞ்சாங்கத்திற் காணப்பட்ட 15 நிமிடம் முழுவதையும் இவ்வொன்றின் மேற் சுமத்துதல் பொருந்தாது; வேறு காரணங்களும் கலந்திருக்கும். எனினும் பிழையின் பரிமாணம் இத்தகைய விடுபட்ட உறுப்பொன்றின் பரிமாணமே. சாஸ்திரியார் எத்துணைக் கவனத்தோடு கணித்திருப்பினும் அதனைத் தவிர்த்திருக்க இயலாது. வட்டுக்கோட்டையில் தோற்றதாகக் கூறப்பட்டவர் பிழையாகக் கணித்தவரல்லர். தம் அட்டவணை சொன்னதைச் சரியாகச் சொன்னவர். வென்றவரும் வானத்தை அளந்து சூத்திரம் கண்டவரல்லர். பிறிதோர் அட்டவணையைப் பிரித்து வாசித்தவரே. பின்னையது புதியது, திருத்தம் பெற்றது. வேறுபாடு அவ்வளவே.

கணினி விரிதாளின் வரலாற்றுக்குத் திரும்பினால் இதே வேறுபாடுகள் விரைந்த காலவளவில் நிகழக் காணலாம். 1978இல் ஹாவாட் வணிகக் கல்லூரியில் ஆசிரியர் கரும்பலகை அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றியபோது, அதனைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து மீண்டும் எழுதியதைக் கண்ட டான் பிரிக்லின் என்னும் மாணவர், பொப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து 1979இல் விசிகல்க் என்னும் மென்பொருளை வெளியிட்டார். அப்பிள் கணினியில் இயங்கிய அது 254 நிரைகளையும் 63 நிரல்களையும் கொண்டது. 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. அதன் எல்லை நிரைகளின் தொகையைவிட நினைவகமாகவே இருந்தது. அக்காலக் கணினிகள் 640 கிலோபைற்றுக்கு மேல் மென்பொருளுக்கு இடங்கொடா. நிரம்பியதும் நினைவகம் நிரம்பியது என்னும் செய்தி திரையில் தோன்றி வேலை நின்றுவிடும். 1985இல் லோட்டஸ், இன்ரெல், மைக்ரோசொப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி நினைவகத்தை விரிக்கும் ஒரு நியமத்தை வகுத்தமைக்குப் பெரிய விரிதாள்களின் நெருக்கடி முக்கிய காரணமாயிற்று.

எக்செலின் எல்லைகளும் இவ்வாறே நகர்ந்தன. 1997 முதல் 65,536 ஆக இருந்த நிரைகள் 2007இல் 1,048,576 ஆயின. ஒரு சூத்திரத்தின் நீளம் 1,024 எழுத்திலிருந்து 8,192 ஆயிற்று. ஒரு சார்பினுள் மற்றொரு சார்பை 7 அடுக்கு வரை வைக்கலாம் என்றிருந்தது 64 ஆயிற்று. ஆனால் எண்ணின் நுண்மை மாறவில்லை. 15 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணை இட்டால் பதினாறாம் இலக்கம் சத்தமின்றிச் சுழியமாகிவிடும். கலையளவோடு நின்ற சந்திர வாக்கியங்களை விகலை வரை நுணுக்கிய சங்கமகிராமத்து மாதவர், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இத்தகைய எல்லையொன்றையே பெயர்த்து வைத்தார். அவரும் நுண்மையை மிகுவித்தாரேயன்றி விடுபட்ட உறுப்புகளைச் சேர்க்கவில்லை. நுண்மை வேறு, செம்மை வேறு.

இவ்விடத்து எல்லைகளை இருவகையாகப் பிரித்தல் பயன்தரும். நினைவகம் நிரம்பியது என்று கூறி நிற்பது ஒருவகை. அது தொல்லை தரும், ஆயினும் ஏமாற்றாது. மனனத்திற் பிழைத்த வாக்கியமும் பெரும்பாலும் அத்தகையதே. முந்திய நாளுக்கும் பிந்திய நாளுக்கும் இசையாது துருத்திக்கொண்டு நிற்கும். 1829இன் 15 நிமிடமும், பதினாறாம் இலக்கமும், 65,537ஆம் நிரையும் மற்றைய வகையின. விடை வழுவழுப்பாக வரும். அயலிலுள்ள எண்களோடு இசைந்திருக்கும். வெளியிலிருந்து ஓர் அளவையைக் கொண்டுவந்து ஒப்பிட்டாலன்றிக் குறை தெரியாது. பூவரின் அறிவித்தல் செய்த உண்மையான பணி அவ்வொப்பீடே. சமயப் போட்டி என்னும் திரையை நீக்கிப் பார்த்தால், ஓர் அட்டவணையை வெளியளவையோடு ஒப்பிட்டுப் பகிரங்கமாகச் சோதித்தமைக்கு யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் ஆரம்ப காலச் சான்றுகளுள் ஒன்றாக அது நிற்கும்.

பிழை தெரிந்த பின்னும் அதனைத் திருத்தாது விடுவதற்கும் காரணங்கள் உண்டு. லோட்டஸ் 1-2-3 கிறித்துவ ஆண்டு 1900ஐ லீப்பாண்டாகக் கொண்டிருந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 29 என ஒரு நாள் இருந்ததில்லை. எக்செலை ஆக்கியோர் லோட்டஸ் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக அப்பிழையை அறிந்தே ஏற்றனர். இன்றும் எக்செலில் 60 என்னும் நாளெண் அந்த இல்லாத நாளையே குறிக்கும். திருத்தினால் உலகெங்குமுள்ள பழைய தாள்களின் திகதிகள் ஒவ்வொரு நாளால் இடம்பெயரும் என்பது மைக்ரோசொப்ட் கூறும் விளக்கம்.

வாக்கியப் பஞ்சாங்கத்தின் நிலையும் இதுவே. ஆரியபடர் வழி வந்த ஆண்டின் அளவு 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. நட்சத்திர ஆண்டின் உண்மையளவை இது ஏறத்தாழ 3 நிமிடம் 20 செக்கன் விஞ்சுகிறது. 432 ஆண்டில் ஒரு நாள். சென்னை வானாய்வுக்கூடத்தில் உதவியாளராயிருந்து 1867இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி, கண்ணாற் காண்பதோடு ஒத்துவரும் திருக்கணித முறைப் பஞ்சாங்கத்தை வெளியிட்டு அதற்காக வாதாடினார். தமிழ்நாட்டில் இருமுறைகளும் நிலைத்தன. சனி மகரத்திலிருந்து கும்பத்துக்குப் பெயர்ந்த நாள் திருக்கணிதப்படி 2023 சனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றுக் கோயிலில் அப்பெயர்ச்சி விழா 2023 டிசெம்பர் 20இலே நிகழ்ந்தது. பதினொரு மாத வேறுபாட்டை அடியார் எவரும் பிழையென முறையிடவில்லை. முன்னோர் விழாக்கண்ட வரிசையோடு இசைவதே அங்கு அளவுகோல். இதனை மூடத்தனம் என ஒதுக்குவோர் எக்செலின் அறுபதாம் நாளையும் அவ்வாறே ஒதுக்கக் கடமைப்பட்டவர்கள். ஆனால் ஒத்திசைவுக்காகப் பேணப்படும் ஓர் அட்டவணையை வானத்தின் நிலைக்குச் சான்றாகக் காட்டும்போதே வழக்கு எழுகிறது. 1829இல் எழுந்ததும் அவ்வாறே.

வட்டுக்கோட்டையின் கதை பூவரோடு முடியவில்லை. அவருக்குப் பின் 1836இல் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன், எதிர்த்தரப்பின் விடையை மறுப்பதோடு அமையாது, அவ்விடை பிறந்த வழியை அறிய முற்பட்டார். தமிழிலிருந்த சோதிட கணித மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விரிந்த குறிப்புகளோடும் 1848இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் அச்சகத்தில் அவர் பதிப்பித்தார். அவரது நோக்கமும் கண்டனம் கலந்ததே. ஆயினும், சோழி கலைந்ததும் மறைந்துவிடும் இடைப்படிகள் அந்நூலில் அச்செழுத்தில் நின்றன. எவரும் ஒவ்வொரு படியையும் எடுத்துப் பரிசோதிக்கலாயிற்று. செமினரி 1855இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் அதன் மாணவர் கறல் விசுவநாதபிள்ளையின் வீசகணிதம் தமிழில் வெளிவந்தது. அட்டவணைக்குப் பின்னே நிற்கும் சூத்திரத்தைத் தமிழ் மாணவன் தன் மொழியிற் கையாள அது வழிசெய்தது.

இடைப்படிகள் கிடைத்தல் எத்துணை முக்கியமானது என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. அரசுகளின் கடன் பெருகினால் வளர்ச்சி குன்றும் எனக் காமன் ரைன்ஹாட், கென்னத் றொகொவ் ஆகிய பொருளியலாளர் 2010இல் வெளியிட்ட கட்டுரை பல நாடுகளின் சிக்கனக் கொள்கைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மாணவர் தோமஸ் ஹேர்ண்டன் அதன் முடிவை மீளப் பெற முயன்று இயலாது, ஆசிரியர்களிடமே அவர்களது விரிதாளைக் கேட்டுப் பெற்றார். சராசரி காணும் சூத்திரம் 49ஆம் நிரை வரை செல்லவேண்டியது 44இல் நின்றிருந்தது. அவுஸ்திரேலியா, ஒஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. ஏனைய திருத்தங்களையும் சேர்த்து 2013இல் அவரும் அவர் ஆசிரியர் இருவரும் மீளக் கணித்தபோது, கடன் மிகுந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி சதவீதம் -0.1 அன்று, 2.2 எனக் கிடைத்தது. அச்சிட்ட கட்டுரையை மட்டும் எத்தனை முறை வாசித்தாலும் 44ஆம் நிரை புலப்பட்டிராது.

யாழ்ப்பாணத்திலே இன்றும் ஆண்டுதோறும் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வெளிவருகின்றன. இரண்டிலும் அச்சாகுபவை விடைகளே, படிகள் அல்ல. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் வேளையையும் மருத்துநீர் வைக்கும் புண்ணியகாலத்தையும் பத்திரிகைகள் இரு பஞ்சாங்கங்களின் பெயராலும் தனித்தனியே வெளியிடுகின்றன. வீட்டிலுள்ள முதியோர் தம் குடும்பத்தில் வழிவழியாக வழங்குவது எதுவோ அதனைப் பார்த்து மருத்துநீர்ச் செம்பை எடுக்கின்றனர்.